ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்கு எத்தனை வயது?

"புதிய நீர்மூழ்கிக் கப்பல் கடலில் இறக்கப்பட்டது" என்று ஒரு செய்தி வருகிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து அதே பெயரோடு "கடற்படையில் இணைக்கப்பட்டது" என்று இன்னொரு செய்தி. அப்படியென்றால் நடுவில் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? பிரிட்டனின் அஸ்டியூட் என்ற கப்பலைப் பாருங்கள். 2001 ஜனவரியில் கட்டத் தொடங்கியதற்கான விழா நடந்தது. 2007 ஜூனில் தண்ணீருக்கு வந்தது. பணியில் சேர்ந்ததோ 2010 ஆகஸ்டில். இது ஏதோ சோம்பல், ஊழல் என்று பேசுகிறவர்கள் உண்டு. தாமதங்கள் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி நடந்தே தீர வேண்டிய வேலை.

இதோடு வேறு சில தவறான எண்ணங்களும் சேர்ந்துகொள்கின்றன. மூழ்குவதென்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல்லைப் போலக் கீழே போவது. அணுசக்தி நீர்மூழ்கி என்றால் அணுகுண்டு சுமப்பது. முப்பது வருடமாகிவிட்டால் அது காயலான் இரும்பு. இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு பொருளைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அது கப்பலுக்குள்ளே மறைந்திருக்கும் ஓர் எஃகு உருளை. அதை எப்படிச் செய்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள், அது எதனால் களைத்துப்போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தண்ணீருக்குள்ளும் அது மிதக்கிறது

ஒரு வாளி தண்ணீரும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலை மூடி தண்ணீரில் அமுக்கினால் துள்ளி மேலே வரும். மணலை நிரப்பிப் போட்டால் அடியில் போய் உட்காரும். மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் பாட்டில் மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுவில் நிற்கும். ஒரு பொருள் தன் உருவத்தால் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடையும் அந்தப் பொருளின் எடையும் சமமானால் இப்படி நிற்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதைத்தான். நீர்மூழ்கி கடலுக்குள் இருக்கும்போது அந்த நடுநிலையில்தான் இருக்கிறது.

அந்த நிலைக்கு எடையை எப்படிக் கூட்டுவது? ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளிக்குள் அமுக்குங்கள். வாய் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை விடாது. இப்போது டம்ளரின் அடிப்பாகத்தில், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கத்தில், ஒரு துளை போட்டால் காற்று உஸ்ஸென்று வெளியேறும், தண்ணீர் கீழிருந்து ஏறும். நீர்மூழ்கியின் வெளிப்பகுதியில் உள்ள பேலஸ்ட் தொட்டிகள் இந்தக் கவிழ்த்த டம்ளர்கள்தான். பேலஸ்ட் என்றால் எடைக்காக ஏற்றும் தண்ணீர். அடியில் துளைகள், உச்சியில் ஒரு வால்வு. வால்வைத் திறந்தால் கப்பல் அமிழும். வால்வை மூடி, சேமித்து வைத்த அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தினால் தண்ணீர் அடிவழியே வெளியேறி கப்பல் மேலே வரும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. ஐம்பது மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்குப் போக அந்தத் தொட்டிகளில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள் என்று நினைக்கிறோம். அப்படிச் செய்வதில்லை. கடலுக்குள் போனதும் அந்தத் தொட்டிகள் முழுக்க நிரம்பியே இருக்கும். ஆழத்தை மாற்றுவது முன்னும் பின்னும் உள்ள கிடைமட்டச் சுக்கான்கள். விமானத்தின் வாலில் உள்ள சிறகு மூக்கை உயர்த்தித் தாழ்த்துவது போல, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலை இவை மேலேயோ கீழேயோ திருப்புகின்றன.

நடுநிலையை ஒருமுறை எட்டிவிட்டால் போதும் என்றும் இல்லை. 7,000 டன் எடையுள்ள ஒரு கப்பல் உப்பு குறைந்த தண்ணீருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரின் அடர்த்தி 1 விழுக்காடு குறைந்தாலே கப்பலுக்கு 70 டன் எடை கூடியது போலாகிவிடும். சமையலறையில் உணவு குறையும், நீருக்குள் பாயும் குண்டான டார்பிடோவை ஏவினால் அதன் எடை போகும். இதற்கெல்லாம் ஈடுகட்ட உள்ளே சிறிய தொட்டிகள் உண்டு. அவற்றுக்குத் தண்ணீரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பது ஓயாத வேலை.

இதுவரை: பெரிய தொட்டிகள் கப்பலை அமிழ்த்தவும் எழுப்பவும், சுக்கான்கள் ஆழத்தை மாற்றவும், சிறிய தொட்டிகள் எடையைச் சமன் செய்யவும். இவை எதிலும் மனிதர்கள் இருக்கும் இடத்துக்குள் கடல்நீர் வருவதில்லை.

மூங்கிலைப் போல ஓர் உருளை

நீச்சல் குளத்தின் அடியைத் தொட்டவர்களுக்குக் காது வலித்திருக்கும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 300 மீட்டரில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் 300 டன்னுக்கு மேல் அழுத்தும். ஒரு கதவு அளவுள்ள தகட்டின்மீது இரண்டு ரயில் என்ஜின்களுக்கு மேலான எடை என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் எல்லாப் பக்கமிருந்தும்.

தட்டையான சுவர் எதுவும் இதைத் தாங்காது, வளைந்துவிடும். வட்டமாக இருந்தால் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவி, எஃகை நெருக்குமே தவிர மடக்காது. அதனால்தான் நீர்மூழ்கியின் உயிரான பகுதி ஓர் உருளை. இதை அழுத்தக்கூடு என்று சொல்லலாம். மனிதர்கள், அணு உலை, பேட்டரி, இயந்திரம் எல்லாம் இதற்குள்தான். படங்களில் நாம் பார்க்கும் வழவழப்பான கறுப்பு உடலின் மூக்கு, வால், மேல்தளம் போன்றவற்றில் பெரும்பகுதி இந்தக் கூட்டுக்கு வெளியே போர்த்திய மெல்லிய உறை. அந்த உறையின் உள்ளும் புறமும் கடல்நீர் இருப்பதால் அதை அழுத்தம் நசுக்காது.

ஆனால் வெறும் உருளையும் போதாது. காலி பாட்டிலின் காற்றை உறிஞ்சினால் ஒரு பக்கம் பள்ளம் விழுந்து மடங்குகிறதல்லவா? ஒரு மூங்கிலை அப்படி மடக்க முடியாது, கணுக்கள் விடாது. நீர்மூழ்கியிலும் அந்தக் கணுக்கள் உண்டு. உருளையின் நீளம் முழுக்க, சிறு இடைவெளிகளில் கனமான எஃகு வளையங்களைப் பற்றவைத்திருப்பார்கள். உருளை வட்டமாகவே நிற்க அவைதான் காவல். வட்டத்திலிருந்து சிறிது விலகினாலும் தாங்கும் சக்தி சரசரவென்று இறங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் அந்தக் கூடு நசுங்கத்தான் செய்கிறது, சிறிதளவு. மாலுமிகள் இதைப் புதியவர்களுக்குக் காட்டும் ஒரு வழி உண்டு. மேற்பரப்பில் இருக்கும்போது ஓர் அறையின் இடப்பக்கச் சுவரிலிருந்து வலப்பக்கச் சுவருக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டிவிடுவார்கள். கப்பல் ஆழத்துக்குப் போகப் போக அந்த நூல் தொய்ந்து, நடுவில் தொங்க ஆரம்பிக்கும். நூல் நீளவில்லை, சுவர்கள்தான் நெருங்கி வந்திருக்கின்றன. மேலே திரும்பியதும் மறுபடி விறைத்துக்கொள்ளும். இந்த நூலை மறந்துவிடாதீர்கள். கப்பலின் வயதைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

கட்டுவது: திறந்த குழாய், நுழைத்த மாடி

அழுத்தக்கூட்டுக்குச் சாதாரணக் கப்பல் எஃகு ஆகாது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டது ஹெச்ஒய்-80 என்ற எஃகு. சாதாரணக் கப்பல் எஃகைவிட இரு மடங்குக்கும் மேல் வலுவானது. ஆனால் அதைப் பற்றவைப்பது மிக மென்மையான வேலை. காற்றிலோ பற்றவைக்கும் குச்சியிலோ ஈரம் இருந்தால் அதிலுள்ள ஹைட்ரஜன் சூடான எஃகுக்குள் புகுந்துவிடும். பற்றவைத்த இடம் பார்க்க அழகாகவே இருக்கும். பல மணி நேரம் கழித்து, யாரும் தொடாமலே, உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால் குச்சிகளைச் சூடான பெட்டிக்குள் வைத்திருந்து வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கிறார்கள். தகட்டை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். முடிந்த பின் காத்திருந்து, எக்ஸ்ரேயாலும் ஒலி அலையாலும் உள்ளே பார்க்கிறார்கள். குறை தெரிந்தால் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

தகடுகளை வளைத்து, சேர்த்து, முதலில் பல மீட்டர் நீளமுள்ள தனித்தனி உருளைத் துண்டுகளாகச் செய்வார்கள். அப்புறம்தான் மிக அழகான வேலை. இயந்திரங்கள், குழாய்கள், மின்கம்பிகள் பொருத்திய மாடிகளை வெளியே தயாராக்கி, மேஜைக்குள் இழுப்பறையைத் தள்ளுவது போல உருளையின் திறந்த வாய்வழியே உள்ளே தள்ளுகிறார்கள். இயந்திரங்கள் பெரும்பாலும் ரப்பர் தாங்கிகள்மீது உட்கார்ந்திருக்கும். அவற்றின் அதிர்வு உடலுக்குப் போய், உடலிலிருந்து கடலுக்குப் போய், யார் காதிலாவது விழுந்துவிடக்கூடாது. அமெரிக்காவின் வெர்ஜீனியா வகைக் கப்பல்களின் துண்டுகள் ரோட் ஐலண்டின் குவான்செட் பாயிண்டிலும் வெர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸிலும் தயாராகின்றன. மிதவைகளில் ஏறிப் போய், கனெக்டிகட்டின் க்ராட்டனிலோ நியூபோர்ட் நியூஸிலோ ஒன்றாகச் சேர்கின்றன.

செய்திகளில் வரும் "கீல் வைப்பு" என்ற சொல்லும் குழப்பும். கீல் என்பது பழைய மரக்கப்பலின் முதுகெலும்பு. நவீன நீர்மூழ்கிக்கு அப்படி ஒன்று கிடையாது. இப்போது அது ஒரு விழா மட்டுமே. அமெரிக்காவில் கப்பலுக்குப் பெயர்சூட்டப் போகிறவரின் பெயரெழுத்துகளை ஒரு தகட்டில் பற்றவைப்பார்கள். அதற்கு வெகு முன்பே எஃகு வெட்டும் வேலை தொடங்கியிருக்கும்.

கடைசி வளையத்தைப் பற்றவைத்து மூடிவிட்டால் ஓர் ஆள் நுழையும் வாசலைவிடப் பெரிய எதுவும் சுலபமாக வெளியே வராது. எந்தப் பொருள் எப்போது உள்ளே போக வேண்டும் என்ற வரிசைதான் இந்தக் கட்டுமானத்தின் பாதிக் கஷ்டம்.

ஒவ்வொரு துளையும் ஒரு கேள்வி

கூட்டை மூடியே வைத்திருக்க முடிந்தால் வாழ்க்கை எளிது. ஆனால் அதில் துளைகள் தேவை. ஆட்கள் இறங்கும் வாசல், டார்பிடோக் குழாய்கள், உந்துவிசிறியின் தண்டு, பெரிஸ்கோப், எல்லாவற்றையும்விட முக்கியமாக இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீரைக் கொண்டுவரும் குழாய்கள். அந்தக் குழாய்க்குள் இருப்பது வெளிக்கடலின் அதே அழுத்தம். ஆக, அந்தக் குழாய் ஓடும் தூரமெல்லாம் கடல் கப்பலுக்குள் கையை நீட்டியிருக்கிறது என்றுதான் பொருள். 300 மீட்டர் ஆழத்தில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒன்று முறிந்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 20 டன் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் என்ற அணுசக்தி நீர்மூழ்கி அமெரிக்கக் கிழக்குக் கரையின் கேப் காடுக்குக் கிழக்கே ஆழச் சோதனையில் இருந்தது. பல மாதப் பராமரிப்பு முடிந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது. கப்பலில் 129 பேர். அவர்களில் 17 பேர் கடற்படையினர் அல்லர், கட்டுதளத்தையும் மற்ற நிறுவனங்களையும் சேர்ந்தவர்கள். அன்று காலை அது திரும்பி வரவில்லை. விசாரணை கண்ட சாத்தியமான வரிசை இது: இயந்திர அறையில் கடல்நீர்க் குழாயின் ஓர் இணைப்பு விட்டது, பீறிட்ட நீர் மின்சாரத்தைக் கெடுத்தது, உலை நின்றது. உந்துவிசை போனதால் சுக்கான்கள் உதவவில்லை. தொட்டிகளுக்கு அழுத்தக் காற்றைச் செலுத்தினார்கள். வேகமாக விரியும் காற்று குளிர்ந்து, அதிலிருந்த ஈரம் பனிக்கட்டியாகி, காற்றுக்குழாயின் வடிகட்டியையே அடைத்துவிட்டது. பிற்பாடு வேறொரு கப்பலில் துறைமுகத்தில் வைத்துச் சோதித்தபோது இதே அடைப்பு நேர்ந்தது.

எனக்கு இதில் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பராமரிப்பின்போது திரெஷரின் குழாய் இணைப்புகளில் 145-ஐ ஒலி அலையால் சோதித்திருந்தார்கள். சுமார் 14 விழுக்காடு தரத்துக்குக் கீழே இருந்தன. கப்பலிலோ அப்படிப்பட்ட இணைப்புகள் ஆயிரக்கணக்கில். மீதியைச் சோதிக்கவில்லை.

அதே வருடம் அமெரிக்கக் கடற்படை சப்சேஃப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் சாரம் எளிமையானது. கடலைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு உறுப்புக்கும் அது எந்த எஃகு, யார் செய்தார், யார் பற்றவைத்தார், எந்தச் சோதனையில் தேறியது என்ற எழுத்துச் சான்று இருக்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் உறுப்பு நல்லதாகவே இருந்தாலும் அது இல்லாதது போலத்தான். 1915 முதல் 1963 வரை போர் அல்லாத காரணங்களால் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 16. அதன் பிறகு ஒன்றே ஒன்று, 1968-இல் ஸ்கார்பியன். அது இந்தச் சான்றிதழ் பெறாத கப்பல்.

முன்பு கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கடலில் இறக்குவது என்பது உடல் நீர் புகாமல் மூடப்பட்டு மிதக்கிறது என்பது மட்டும். அதன்பிறகு துறைமுகத்தில் கட்டிவைத்தபடி ஒவ்வொரு அமைப்பையும் உயிர்ப்பிப்பார்கள். பேட்டரி, உலை, ஒலியால் சுற்றுப்புறத்தை அறியும் சோனார் என்று ஒவ்வொன்றாக. அப்புறம் கடல் வெள்ளோட்டம். முதலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு முங்கு. பிறகு படிப்படியாக, ஒவ்வொரு ஆழத்திலும் நின்று கசிவு இருக்கிறதா என்று ஒவ்வொரு அறையிலும் பார்த்து, கடைசியில் சோதனை ஆழம். அந்தக் கப்பலுக்கு அனுமதித்த மிக அதிக ஆழம்தான் இந்தச் சோதனை ஆழம். கூடு நொறுங்கும் ஆழம் அதற்கும் வெகு கீழே இருக்கும். அமெரிக்க அணு நீர்மூழ்கிகளின் தந்தை என்று அறியப்படும் அட்மிரல் ரிக்கோவர், புதிய கப்பல்களின் முதல் வெள்ளோட்டத்தில் தானே ஏறிப் போவதை வழக்கமாக வைத்திருந்தார். தான் கட்டச் சொன்னதற்குள் தானே உட்காருவது. அதைவிடப் பெரிய கையெழுத்து எனக்குத் தெரியவில்லை.

சுருக்கமாக: கீல் வைப்பு ஒரு விழா, கடலில் இறக்குவது ஒரு பிறப்பு, பணியில் இணைப்பதுதான் எல்லாச் சான்றும் கைக்கு வந்த பிறகு நடப்பது.

அணுசக்தி என்பது எதைக் குறிக்கிறது?

அணுசக்தி நீர்மூழ்கி என்ற பெயர் அதன் இயந்திரத்தைச் சொல்கிறது, ஆயுதத்தை அல்ல. உலையில் யுரேனிய அணுக்கள் பிளந்து வெப்பம் வருகிறது. அந்த வெப்பம் நீரை ஆவியாக்குகிறது, ஆவி டர்பைனைச் சுழற்றுகிறது. டார்பிடோக்களை மட்டும் சுமக்கும் அணுசக்தி நீர்மூழ்கிகள் நிறைய உண்டு. அணு ஏவுகணை சுமப்பவை தனி வகை.

டீசல் நீர்மூழ்கியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். டீசல் எரிய காற்று வேண்டும். ஆழத்தில் காற்று இல்லை. அதனால் அது உள்ளே பேட்டரியில் ஓடும். சார்ஜ் இறங்கியதும் மேற்பரப்பை ஒட்டி வந்து, ஸ்நோர்கல் என்ற மூச்சுக்குழாயை மட்டும் நீட்டி, டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அந்த நேரம்தான் அது எளிதில் பிடிபடும். ஜெர்மனியின் 212ஏ வகையில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. அதைக் கொண்டு யு-32 என்ற கப்பல் 2013-இல் மூச்சுக்குழாய் நீட்டாமல் 18 நாள் கடலுக்குள் இருந்தது.

அணு உலைக்குக் காற்றே வேண்டாம். 1954-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த நாட்டிலஸ் முதல் இன்றுவரை இதுதான் பெரிய மாற்றம். மின்சாரம் தாராளமாக இருப்பதால் கடல்நீரை நன்னீராக்கி, அந்த நீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடை ரசாயனத்தால் உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். பிறகு எது எல்லை? உணவு. ஏறத்தாழ மூன்று மாதத்துக்கான உணவை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அது தீரும்போது திரும்பத்தான் வேண்டும்.

இப்போது வயதுக்கு வருவோம்

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். முதல் பத்து முறை ஒன்றும் ஆகாது. பிறகு ஒருமுறை, அதே அளவு வளைப்பில், பட்டென்று ஒடியும். உலோகக் களைப்பு என்பது இதுதான். தொய்ந்து விறைத்த அந்த நூலை நினைவிருக்கிறதா? ஒவ்வோர் ஆழ முங்கலிலும் கூடு நெருங்குகிறது, ஒவ்வொரு முறை எழும்போதும் விரிகிறது. பற்றவைத்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது மயிரிழையாய் வளரும். அதனால் வடிவமைக்கும்போதே இந்தக் கூடு எத்தனை ஆழ முங்கல்களைத் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். நீர்மூழ்கியின் நிஜமான வயதில் ஒரு பாதி இந்த எண்ணிக்கை.

மறு பாதி எரிபொருள். பழைய வகைகளில் உலைக்கு வாழ்நாளின் நடுவில் புதிய எரிபொருள் வைக்க வேண்டும், அதற்குக் கூட்டையே வெட்டித் திறக்க வேண்டும். வெர்ஜீனியா வகையில் முதலில் வைத்த எரிபொருளே 33 வருட வாழ்நாளுக்கும் போதும். டீசல் கப்பல்களும் வெட்டுக்குத் தப்புவதில்லை. ஆஸ்திரேலியாவின் காலின்ஸ் வகைக் கப்பல்களின் பெரும் ஓவர்ஹாலில் டீசல் என்ஜின்களை வெளியே எடுக்க உடலைக் குறுக்கே அறுத்துவிடுவார்கள். முடிந்ததும் மறுபடி பற்றவைப்பு, மறுபடி எக்ஸ்ரே, மறுபடி சோதனை ஆழம். ஒவ்வொரு ஓவர்ஹாலுக்குப் பிறகும் கப்பல் முதல் நாள் போலத் தன்னை நிரூபிக்க வேண்டும். திரெஷர் மூழ்கியது அப்படி ஒரு நாளில்தான்.

இந்தக் கணக்கெல்லாம் ஒன்றுசேர்ந்து தெரியும் கப்பல் ஒன்று உண்டு. யூஎஸ்எஸ் சான் பிரான்சிஸ்கோ, 110 மீட்டர் நீளமுள்ள லாஸ் ஏஞ்சலஸ் வகை. நியூபோர்ட் நியூஸில் 1979-இல் தண்ணீருக்கு வந்து 1981 ஏப்ரலில் பணியில் சேர்ந்தது. 2005 ஜனவரி 8 அன்று பசிபிக் தீவான குவாமுக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 160 மீட்டர் ஆழத்தில், முழு வேகத்தில் ஒரு கடலடி மலையில் மோதியது. அவர்கள் பயன்படுத்திய வரைபடத்தில் அந்த மலை இல்லை. கப்பல் சட்டென்று நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள். ஒருவர் இறந்தார், ஏறத்தாழ 100 பேர் காயமடைந்தார்கள்.

மூக்கில் இருந்த சோனார் கூண்டு நொறுங்கியது. முன்பக்க பேலஸ்ட் தொட்டிகள் கிழிந்தன. ஆனால் அவை எல்லாம் அழுத்தக்கூட்டுக்கு வெளியே இருப்பவை. கூடு தாங்கியது. உலை ஓடிக்கொண்டிருந்தது. கிழிந்த தொட்டிகளுக்குள் விடாமல் காற்றை ஊதிக்கொண்டே மேற்பரப்பில் குவாம் வரை தானாகவே வந்து சேர்ந்தது. உலர்துறையில் ஏற்றியபோது எடுத்த படங்களைப் பார்த்தால் ஒரு கப்பலின் முகமே இல்லாமல் இருக்கும். அதன் பின்னால், கூட்டுக்குள், மனிதர்கள் நனையாமல் இருந்திருக்கிறார்கள்.

இருபத்து நான்கு வயதுக் கப்பல், முகம் போனது. உடைத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் சில வருடம் முன்புதான் அதற்குப் புதிய எரிபொருள் வைத்திருந்தார்கள். அதே வகையைச் சேர்ந்த ஹோனலுலு நான்கு வருடம் இளையது, உடம்பில் குறையில்லை, ஆனால் எரிபொருள் தீரும் நிலையில் ஓய்வுக்குக் காத்திருந்தது. ஆகவே ப்யூஜெட் சவுண்ட் கட்டுதளத்தில் இளைய கப்பலின் மூக்கை அறுத்து மூத்த கப்பலுக்குப் பொருத்தினார்கள். சான் பிரான்சிஸ்கோ மறுபடி கடலுக்குப் போனது. ஹோனலுலு ஓய்வு பெற்றது.

பணி முடிந்த பிறகு

டீசல் கப்பலை உடைப்பது ஒப்பீட்டளவில் எளிது. அணுசக்திக் கப்பலில் எரிபொருளை எடுத்த பின்னும் உலை இருந்த பகுதி கதிரியக்கத்தோடு இருக்கும். அமெரிக்கா அந்தப் பகுதியை உருளைத் துண்டாகவே அறுத்து, இருபுறமும் அடைத்து, வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் ஒரு பெரிய அகழியில் வரிசையாக வைத்திருக்கிறது. 100-க்கும் மேற்பட்டவை அங்கே இருக்கின்றன. பிரிட்டன் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. அதன் முதல் அணு நீர்மூழ்கியான டிரெட்நாட் 1963-இல் பணியில் சேர்ந்து 1980-இல் ஓய்வு பெற்றது. 17 வருடம் பணி செய்த அந்தக் கப்பல் அதைப்போல இரு மடங்குக்கும் மேலான காலம் ஸ்காட்லாந்தின் ரோசித் துறையில் கட்டியே கிடந்திருக்கிறது. கட்டும்போதே கடைசி நாளுக்கான திட்டமும் பணமும் ஒதுக்கவில்லை என்றால் இப்படித்தான் ஆகும். நீர்மூழ்கி வாங்குவது பற்றிப் பேசும் எந்த நாடும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துறையைத்தான் என்று நினைக்கிறேன்.

சில கப்பல்களுக்கு அருங்காட்சியகமாகும் வாய்ப்பு கிடைக்கிறது. நாட்டிலஸ் க்ராட்டனில் இருக்கிறது. விசாகப்பட்டினக் கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா. பிரான்சின் செர்பூர்கில் லெ ரெதூட்டாப்ள். உலைப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் காலியான எஃகு உருளை ஒன்றை வைத்து அந்தக் கப்பலை மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வேறு வழி கிடைத்தது. போர்ப்பணியிலிருந்து விடுபட்ட அது இப்போது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் கரையோடு கட்டப்பட்டிருக்கிறது. அணு உலையை இயக்கக் கற்கும் மாலுமிகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். அந்தக் கூடு இனி ஆழத்துக்குப் போகாது, உள்ளே யார் நூல் கட்டினாலும் அது விறைப்பாகவே நிற்கும்.